கேன்டீன்காரன் ஆடிய சனிக்கிழமை

ஜனவரி 19, திங்கள்

பனி. பாகலூர் ரோடு முழுக்க வெள்ளை. லாரிக்காரர்கள் காலை ஏழு மணிக்கும் லைட் போட்டுக்கொண்டு. முட்டை வரவில்லை. போன் போட்டுத் திட்டிய பிறகு வந்தது. பொங்கல் முடிந்து ஆட்கள் திரும்பிவிட்டார்கள், கேன்டீன் மறுபடி சந்தைக்கடை.

பதினொரு மணிக்கு ஃபேக்டரி எச்.ஆர். ஸ்ரீதர் கூப்பிட்டார். சின்ன வயசு. என்னை "மணி சார்" என்பார், ஆனால் உட்காரச் சொல்ல மாட்டார். நானாக உட்கார்ந்துவிடுவது. கேன்டீன் காண்ட்ராக்ட் இந்த மாசத்தோடு முடிகிறது. வருஷாவருஷம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இந்த வருஷம் புதுசாக ட்ரயலாம். மூன்று பார்ட்டி, ஆளுக்கு ஒரு நாள், செகண்ட் ஷிப்ட் சாப்பாடு. ருசி எப்படி என்று ஒருத்தரையும் கேட்கப்போவதில்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டில் மிச்சம் வைத்துக் கொட்டுகிறார்களே, அந்தத் தொட்டியைத் தராசில் வைப்பார்களாம். எவன் தொட்டி எடை கம்மியோ அவனுக்கு காண்ட்ராக்ட்.

"நாக்கு பொய் சொல்லும் மணி சார். டஸ்ட்பின் பொய் சொல்லாது."

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். எனக்கு எந்த நாள் என்று கேட்டேன். சனிக்கிழமை, 24.

அன்றைக்குச் சாயங்காலம்தான் பெங்களூர் இந்திரா நகரில் என் டான்ஸ் புரோகிராம்.

நாளை மாற்ற முடியுமா என்றேன். மற்ற இருவருக்கும் தேதி கொடுத்தாயிற்றாம். "என்னா சார், வீட்ல விசேஷமா?" ஆமாம் என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பனி கம்மி. கேஸ் சிலிண்டர், பெருங்காயம், கோதுமை மாவு. பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

ஓசூர் தாலுக்காவிலேயே லிண்டி ஹாப் ஆடத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். கிருஷ்ணகிரி ஜில்லா என்றே எழுதலாம். எவன் வந்து மறுக்கப்போகிறான். அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் கண்டுபிடித்த ஸ்விங் ஆட்டம். ஜோடியாக ஆடணும். ட்ரம்பெட் பாட்டு. பெங்களூரில் ஒரு பார்ட்டிக்குச் சாப்பாடு போடப் போன இடத்தில் இவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிரியாணிக் கரண்டி கையில். டீச்சர் தியா, என் பெண் வயசு, கரண்டியை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு என்னைத் தரைக்கு இழுத்துப் போனாள். முதல் நாளே பிறவி டான்ஸர் என்றாள். (சரி, "டிரை பண்ணுங்க அங்கிள்" என்றாள்.) ரெண்டு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு சனிக்கிழமையும் கலாசிபாளையம் மார்க்கெட்டுக்கு மசாலா வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆடிக்கொண்டிருந்தேன்.

தீபாவளி சமயம் மானம் போயிற்று. எவனோ போட்ட வீடியோ சுற்றிச் சுற்றி ஃபேக்டரிக்கே வந்தது. நான் ஒரு பொம்பளையைச் சுற்றிவிட்டுப் பிடிக்கிறேன், அழகாகத்தான் இருக்கிறேன். வரிசையில் நிற்கிற பையன்கள் இன்றைக்கும் தட்டோடு ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறார்கள். என் பொண்டாட்டி கலாவதி ஒரு வாரம் பேசவில்லை. பேச ஆரம்பித்ததும், அந்த ஒரு வாரம் நல்லா இருந்தது என்று ஆகிவிட்டது.

இன்று ராத்திரிச் சாப்பாட்டில் 24ஆம் தேதியைப் பற்றிச் சொன்னேன்.

க.: "சோறு போடற கம்பெனியா, ஆட்டமா? இதெல்லாம் ஒரு கேள்வியா?"

நான் அப்பளத்தை நொறுக்கினேன்.

க.: "அம்பத்தி நாலு வயசுல அடுத்தவன் பொண்டாட்டி கையப் பிடிச்சு ஆடறதுக்கு அத்திப்பள்ளி தாண்டிப் போவணுமா?"

என் டான்ஸ் ஜோடி ஹேமா புருஷன் இல்லாதவள் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் இன்னும் மோசம். ரசம் ஊற்றிக்கொண்டேன்.

ஜனவரி 21, புதன்

வேப்பனப்பள்ளியிலிருந்து அவரைக்காய் வந்தது. மூட்டையைப் பிரித்ததும் அந்த வாசனை. ஒரு வருஷம் காத்திருப்பது இதற்குத்தான்.

ட்ரயலுக்கு மெனு என் மனசில் திங்கட்கிழமையே முடிவு. ராகிக் களி, பிதுக்கம்பருப்புக் குழம்பு. கொட்டையை ஊறவைத்து ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோல் உரிக்கணும். சோம்பேறிகளுக்கு ஆகாத வேலை. தேங்காய், கசகசா, பட்டை, கொஞ்சம் கொத்தமல்லித் தழை அரைத்து விட்டால் மட்டன் குழம்பு வெட்கப்பட்டு ஓடும். பெங்களூரில் தொன்னை பிரியாணி, வெண்ணெய் வழிகிற பென்னே தோசை, தட்டு இட்லி எல்லாம் தின்றவன் சொல்கிறேன். அதற்கு மேல் இது.

குமரேசன் ஒத்துக்கொள்ளவில்லை. கலாவதியின் தம்பி, என் மச்சான், கேன்டீனில் எனக்குக் கீழே பத்து வருஷமாக இருக்கிறான். நான்தான் தொழில் கற்றுக்கொடுத்தேன். வெங்காயம் நறுக்கக்கூடத் தெரியாமல் வந்தவன்.

"மாமா, களிய யாரு தின்பாங்க?"

"எவன் திங்கமாட்டான்? ஊத்தங்கரைக்காரன் திங்கமாட்டானா? நம்ம பாரூர்ப் பசங்க?"

"செகண்ட் ஷிப்ட்ல நம்ம ஆளுங்க எங்க மாமா இருக்காங்க? பாதிக்கு மேல பீகார், ஒடிசா பசங்க. களியப் பாத்தா சிமென்ட் உருண்டைம்பானுங்க."

"அவனுங்களுக்கு நாக்கு இல்லயா?"

"இருக்குது. வேற நாக்கு."

சமையல்காரர் சின்னசாமி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. முதுகு ஆடியது.

கடைசியில் நான் முதலாளி. களி, பிதுக்கம்பருப்பு. எழுதி ஒட்டியாச்சு.

மத்தியானம் ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பிராக்டீஸ். ஜோடி இல்லை, அதனால் சோற்று அண்டா ட்ராலியைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். தியா எப்போதும் கத்துவது: "அங்கிள், எளீபேடி! இழுக்காதீங்க. நீங்க உடம்பத் திருப்புங்க, அவங்க தானா வருவாங்க." ட்ராலி தானாக வரவில்லை. அலமாரியில் இடித்தது. துவரம்பருப்பு டின் ஒன்று கவிழ்ந்தது. சின்னசாமி வந்து பார்த்துவிட்டு, "ட்ராலிக்கும் பாட்டு போட்டிருக்கலாம் சார்" என்றார்.

ஜனவரி 22, வியாழன்

வெயில். இன்னும் முடிவு எடுக்கவில்லை.

சஸ்பெண்டர், பேன்ட்டைத் தோளோடு பிடிக்கிற பட்டை, கூரியரில் வந்தது. புரோகிராமில் ஆம்பளைகள் எல்லாரும் வெள்ளைச் சட்டை, கருப்பு சஸ்பெண்டர். போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் வேறு ஆள். ஹாலிவுட் என்றே வைத்துக்கொள்ளலாம். தொப்பை இருக்கிறது, ஆனால் சஸ்பெண்டர் தொப்பைக்கென்றே செய்த சாமான்.

கலாவதி வாசலில் நின்று பார்த்தாள். "லாரியில தார்ப்பாய் கட்டற பட்டை மாதிரி இருக்குது." போய்விட்டாள்.

ஹேமா போன். பேங்க்கில் வேலை, என் வயசு, எங்கள் கிளாஸில் நன்றாக ஆடுகிற நாலு பேரில் ஒருத்தி. அவள் ஜோடியாக என்னைத்தான் கேட்டு வாங்கினாள். (தியா சேர்த்துவிட்டாள். ஹேமா வேண்டாம் என்று சொல்லவில்லை.) "மணியவ்ரே, பர்தீரா இல்வா, ஹேளி" என்றாள். வர்றீங்களா இல்லையா, இப்போதே சொல்லணுமாம். இல்லையென்றால் வேறு ஜோடி பார்க்கணுமாம். நியாயம்தான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டில், கேன்டீனில், பேங்க்கில், எங்கே போனாலும் எனக்கு மேலே ஒருத்தர் உட்கார்ந்து தேதி கொடுக்கிறார்கள். ஒன்பதாம் கிளாஸோடு நின்றவன், இத்தனை வருஷம் தினம் நாலு மணிக்கு எழுந்து ஊருக்கே சோறு போட்டவன். வாரத்தில் ஒரு சாயங்காலம் எனக்கென்று கேட்டால் உலகமே தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

அவரைக்கொட்டை ஒரு பேசின் நானே பிதுக்கினேன். விரல் நுனி எல்லாம் கருப்பு. நாலு பெண்கள் மீதியை. "ஓனர் சாருக்கு கை வேகம் பாரு" என்றாள் ஒருத்தி. என்ன இருந்தாலும் தொழில் தெரிந்த கை.

ஜனவரி 23, வெள்ளி

காலையில் குமரேசன் டீ கொண்டுவந்து கொடுத்தான். அவனாக. சர்க்கரை சரியாக.

"மாமா, நீங்க நாளைக்குப் போயிட்டு வாங்க."

"எங்க?"

"அதான், ஆட்டத்துக்கு. ரெண்டு வருஷமா கத்துக்கிட்டீங்க. இங்க நான் பாத்துக்கறன்."

"களி பதம் தப்பிடுச்சுன்னா?"

"சின்னசாமி இருக்காரு. நீங்க மசாலா மட்டும் அரைச்சு வெச்சிட்டுப் போங்க. நான் ஏத்தறன்."

"உன் அக்கா?"

"அக்காகிட்ட நான் பேசிக்கறன் மாமா."

நல்ல பையன். இவனைப் போய் முந்தாநாள் மனசுக்குள் என்னென்னவோ திட்டினேன். ஹேமாவுக்குப் போன்: வருகிறேன். அவள் "சூப்பர்" என்றாள்.

மசாலாவை நானே அரைத்தேன். ஒருத்தரையும் கிட்டே விடவில்லை. பிதுக்கம்பருப்பு பெரிய அண்டாவில் தண்ணீரில், வெள்ளை வெளேரென்று. இதைத் தின்றுவிட்டுத் தட்டில் மிச்சம் வைக்கிறவன் மனுஷனே இல்லை.

ஜனவரி 24, சனி

ஒரு மணி. கிளம்புகிறேன். சட்டை, சஸ்பெண்டர், ஷூ, மாத்திரை, துண்டு. சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக்கில் மாட்டாமல் இருக்கணும். சின்னசாமியிடம் மூன்று தடவை சொன்னேன், புளி கடைசியில். அவர் கண்ணைப் பார்க்காமல் தலையை ஆட்டினார். அவர் எப்போதும் அப்படித்தான்.

ஜனவரி 25, ஞாயிறு, காலை

கால் வலி. நல்ல வலி.

ஆடினேன்! ஹால் நிறைய ஜனம். ஆயிரம் பேர். (இருநூறு இருக்கும்.) எட்டு ஜோடி, அதில் தமிழ்நாட்டுக்காரன் நான் ஒருத்தன். பாட்டு ஆரம்பித்ததும் கேன்டீன் ஞாபகம், களி பதம், தொட்டி, எல்லாம். பிறகு ஒன்றும் இல்லை. ராக் ஸ்டெப், ட்ரிபிள் ஸ்டெப், கால் பாட்டுக்குப் போகிறது. அந்தப் பெரிய சுற்று வந்தபோது நான் இழுக்கவே இல்லை. உடம்பைத் திருப்பினேன். ஹேமா தானாக வந்தாள், காற்று மாதிரி. அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம். எனக்கும்.

இதை அழகாக எழுதத் தெரியவில்லை. பெருமைக்கு எழுதவில்லை. வந்தாள், அவ்வளவுதான்.

முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போனோம். தொன்னை பிரியாணி. நான்தான் எல்லாருக்கும் ஆர்டர் சொன்னேன், எந்தக் கடையில் எது என்று எனக்குத்தான் தெரியும். தியா, "அங்கிள், ஃபுட்டுக்கும் நீங்கதான் லீட்" என்றாள்.

குமரேசனிடமிருந்து மெசேஜ் ஒன்றே ஒன்று: எல்லாம் ஓகே மாமா.

கலாவதி தூங்கி எழுந்து வந்ததும் விவரம் கேட்கணும்.

ஞாயிறு, மத்தியானம்

ஜெயித்தாச்சு. காண்ட்ராக்ட் நமக்கு. மூன்று பார்ட்டியில் நம் தொட்டிதான் எடை கம்மி, ஏறக்குறையக் காலித் தொட்டியாம்.

எழுந்து நின்று கைதட்டினேன். கலாவதியும் சிரித்தாள், எவ்வளவு நாளாச்சு அவள் என்னைப் பார்த்துச் சிரித்து. பிதுக்கம்பருப்புன்னா சும்மாவா என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. சமையல்கட்டைப் பார்த்தாள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். வரிசையாக எவர்சில்வர் தூக்கு, பக்கெட். என் குழம்பு. அப்படியே. மேலே எண்ணெய் மிதந்து, ஒருத்தர் கை படாமல்.

ட்ரயலுக்குப் போனது பூரி, ஆலு மசாலா, ஜீரா சாதம், ஊறுகாய். புதன்கிழமையே முடிவு செய்துவிட்டார்களாம். குமரேசன், சின்னசாமி, இவள். மூன்று பேரும். டீ கொண்டுவந்து கொடுத்தது அதற்குத்தான்.

குமரேசனைக் கூப்பிட்டேன். வந்தான்.

"ஏண்டா?"

"சொன்னா விட்டிருப்பீங்களா மாமா?"

"நான் ஓனர்."

"இல்லன்னு யாரு சொன்னா? களி போட்டிருந்தா இன்னிக்கு ஓனர்னு சொல்லிக்க கேன்டீன் இருந்திருக்காது."

"அதுக்கு என்னைய ஊர விட்டு அனுப்புவீங்களா?"

"நீங்கதான மாமா போவணும் போவணும்னு கெடந்தீங்க."

தோற்றவனைத் திட்டலாம். ஜெயித்தவனை எப்படித் திட்டுவது. பக்கெட்டை எட்டி உதைக்கலாம் என்று காலைத் தூக்கினேன், நேற்று ஆடிய கால், பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் கலாவதி தெரு முழுக்கக் குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். எதிர் வீட்டு கன்னடக்காரம்மா வந்து "ஏன் ருசி, ஏன் ருசி" என்று கன்னடத்தில், என்ன ருசி என்ன ருசி என்று புகழ்கிறாள். பக்கத்து வீட்டு வாட்ச்மேன் இன்னொரு கிண்ணம் கேட்டு வந்தான். எல்லாம் என் காதில் விழும்படி. நான் டி.வி. போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 26, திங்கள்

ஃபேக்டரியில் கொடியேற்றம். லட்டு நம் கேன்டீன்தான். கொஞ்சம் கெட்டி.

ஸ்ரீதர் குமரேசன் கையைக் குலுக்கினார், பிறகு என்னைப் பார்த்தார். "மணி சார், நீங்க டான்ஸ் ஆடறீங்களாமே. சூப்பர் சார். இந்த வயசுல ஒரு ஹாபி வேணும். டெய்லி விஷயம் எல்லாம் இனிமே குமரேசன்கிட்டயே பேசிக்கறோம், உங்களுக்கு எதுக்கு டென்ஷன்."

டென்ஷன் வேண்டும் என்று எப்படிச் சொல்வது.

பையன்கள் யாரும் இன்று தட்டோடு சுற்றிக் காட்டவில்லை. காலையில் குமரேசன் அவர்களைச் சத்தம் போட்டானாம். அதுவும் எனக்காக.

ஜனவரி 28, புதன்

மறுபடி பனி.

காலை டிபனுக்கு உப்புமா வேண்டாம், பொங்கல் போடுங்க என்று சின்னசாமியிடம் சொன்னேன். கரண்டி அப்படியே நின்றது. "குமரேசன் தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுடறன் சார்." நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் போய்க் கேட்டுவிட்டு வந்து, "பொங்கலே போடச் சொல்லிட்டாரு சார்" என்றார், எனக்கு நல்ல செய்தி சொல்வது மாதிரி.

பொங்கல் சாப்பிட்டேன். இறங்கவில்லை.

அந்த ஆலு மசாலாவையும் ருசி பார்த்தேன், மத்தியானத்துக்குப் புதுசாகச் செய்து வைத்திருந்தார்கள். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். உப்பு சரி. காரம் சரி. சோம்பு போட்டிருக்கிறான், அது நான் சொல்லிக்கொடுத்தது. இல்லை, நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

காய்கறிக்காரர் ரஹீம் பாய் டீக்கடையில் சொன்னார், சூளகிரி பக்கம் புதுக் கம்பெனி ஒன்று கேன்டீனுக்கு ஆள் தேடுகிறதாம். நம்பர் வாங்கினேன். சும்மா.

ராத்திரி கலாவதி என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாள் அதைக் கையால் தொட்டதில்லை.

"நாளைக்குக் கிளாஸ் இருக்குதில்ல?"

"இருக்குது."

"நேரத்துல கெளம்புங்க, அத்திப்பள்ளியில ஜாம் ஆயிடும். இனிமே எல்லா சனிக்கிழமையும் போயிட்டு வாங்க. தம்பியும் சொன்னான். கார்ல பெட்ரோல் போட்டு வெச்சிருக்கான்."

"மார்க்கெட்டுக்குப் போறன்னு சொல்லணுமா?"

"எதுக்குச் சொல்லணும்? ஆடிட்டு வாங்க."

அன்பாகத்தான் சொன்னாள். குழந்தையை ட்யூஷனுக்கு அனுப்புகிற மாதிரி. ரெண்டு வருஷம் திருடித் தின்றது இனிப்பாக இருந்தது. இப்போது தட்டில் வைத்து ஊட்டுகிறார்கள், வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி 31, சனி

வெயில், காற்று. மூன்று மணிக்குக் கிளம்பினேன். வெள்ளைச் சட்டை, சஸ்பெண்டர். கலாவதி வாசல் வரை வந்தாள். குமரேசன் போன் பண்ணி, "நல்லா ஆடிட்டு வாங்க மாமா" என்றான்.

ஹைவேயில் இடது பக்கம் பெங்களூர். வலது பக்கம் திருப்பினேன். சூளகிரி.

ஹேமாவுக்கு மெசேஜ்: காய்ச்சல். சீக்கிரம் குணமாகட்டும் என்று உடனே பதில்.

கம்பெனி இன்னும் பெயின்ட் வாசனையோடு. அட்மின் மேனேஜர் ஒரு அம்மா, நாமக்கல் பக்கம், கறார். உட்காரச் சொன்னார். சொல்லி உட்காருவது எப்படி இருக்கிறது என்று மறந்தே போயிருந்தேன். என்ன சார் இது ட்ரெஸ் என்றார். முதுகு வலி, டாக்டர் போடச் சொன்னது என்றேன். உங்களிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றார். எண்பது பேர் என்றேன். உங்க பார்ட்னர் யாரு என்றார். ஒருத்தரும் இல்லை, எல்லாம் நானே என்றேன். அதில் பொய் இல்லை.

"இங்க எல்லாம் வெளிமாநிலப் பசங்கதான் சார், பாத்துக்கங்க. ட்ரயல் ஒண்ணு வெச்சிடலாம். எங்களுக்கு சனிக்கிழமை சாயங்காலம்தான் வசதி. உங்களுக்கு?"

சனிக்கிழமை எனக்கு வேலை எதுவும் இல்லை என்றேன்.

"வாராவாரம் இங்க வந்து நிக்கணும், பரவால்லயா? சனிக்கிழமைதான் ஆடிட்."

பரவாயில்லை என்றேன்.

"மெனு என்ன போடுவீங்க?"

பூரி, ஆலு.